சோலார் வயருக்கு 25 எம்எம் ஹெவி பிவிசி பைப் எப்படி?

நெல்லைப் பக்கம் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) போடும் 3 கிலோவாட் சோலாருக்கு 25 எம்எம் ஹெவி பைப் தாராளமாகப் போதும். நம்பி வாங்கலாம். சுவர் மெலிந்த மீடியம் ரகம் வேண்டாம், மொட்டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும்.

25 என்பது பைப்பின் வெளி அளவு. உள்ளே கிடைப்பது சுமார் 21 எம்எம், பரப்பு 346 சதுர எம்எம். அதில் 40 சதவீதத்தைத் தாண்டி வயர் அடைக்கக் கூடாது, அதாவது 138 சதுர எம்எம். 4 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 4 சதுர எம்எம்) டிசி கேபிள் உறையோடு 6 எம்எம் கனம் என்று வைத்தால் ஒன்றுக்கு 28. நாலு வயருக்கு 113, இடம் இருக்கிறது. ஐந்தாவதைச் சேர்த்தால் 141, எல்லை தாண்டிவிடும். மூன்று ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை), ஆறு வயர் என்றால் நேராக 32 எம்எம் எடுத்துவிடுங்கள். 20 எம்எம்மில் இரண்டு வயர் கணக்குப்படி நுழையும். ஆனால் இரண்டு பெண்டு (வளைவு) வந்தாலே இழுக்கும்போது உறை சிராய்க்கும். மிச்சமாகும் காசுக்கு அது தகாது. கனெக்டரை மட்டும் வயர் இழுத்து முடித்த பிறகே கிரிம்ப் பண்ணுங்கள் (அழுத்திப் பொருத்துங்கள்), முன்னாடியே மாட்டினால் பெண்டில் சிக்கும்.

பைப்பின் பெரிய குறை நீளுவதுதான். காலைக்கும் சித்திரை மாத உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 3 மீட்டர் பைப் 6 எம்எம் நீளும். எல்லா மூட்டையும் சொல்யூஷன் போட்டு ஒட்டி, பைப்பைச் சுவரில் பிடிக்கும் சேடிலையும் இறுக்கி முறுக்கினால் பைப் வில்லாக வளையும், திருகு சுவரிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். நீண்ட ஓட்டத்தில் எக்ஸ்பான்ஷன் கப்ளர் (பைப் நீள இடம் தரும் இணைப்பு) வையுங்கள். அதன் ஒரு பக்கத்தை ஒட்டாமல் விடுங்கள். சேடிலுக்குள் பைப் நகர வேண்டும். ஆடிக் காற்றுக்கு ஆடாமலிருக்க 60 சென்டிமீட்டருக்கு ஒரு சேடில், பெண்டுக்கு இரு பக்கமும் ஒன்று.

கூடவே தரும் எல்போவை வாங்காதீர்கள், திருப்பம் ரொம்பக் குறுகல். நீளப் பெண்டு கேளுங்கள். ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நாலு பெண்டுக்கு மேல் போனால் வயர் அசையாது.

பேனல் பக்கத்து வாய் கீழே பார்த்திருக்கட்டும். வானத்தைப் பார்த்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் பைப் வழியே நேராக இன்வெர்ட்டருக்கு இறங்கும். அடிப் பெண்டில் 5 எம்எம் துளை ஒன்று போட்டால் உள்ளே வியர்க்கும் தண்ணீரும் வடியும்.

வாங்கும்போது பைப் மேல் ஐ.எஸ். 9537, ஹெவி என்ற அச்சைப் பாருங்கள். அச்சை மட்டும் நம்பாமல் வெட்டிய முனையில் வெர்னியர் (நுண் அளவுகோல்) வைத்துச் சுவர் கனத்தையும் அளந்துவிடுங்கள். 2 எம்எம் அளவுக்காவது இருக்க வேண்டும்.