பழைய டிராக்டரில் ரெகுலேட்டர் மாற்றியிருக்கிறீர்களா? முதலில் இந்தத் துண்டு ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள்

டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் தருவது) வைத்த பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு பேட்டரியும் ஒரு டைனமோவும் போன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அப்பா ஓட்டிய வண்டி. சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டினார். பழையதைக் கேட்டதற்கு, "அதைத் தூக்கிப் போட்டாச்சுண்ணே" என்றார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கூட்டியதும் அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் கடைசி வரை போய் நின்றது. "பாருங்க, எப்படி ஏறுதுன்னு." நானும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையில் முள் அப்படி இறங்காமலே நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் ஏறி, பேட்டரி நிறைய நிறைய நடுவை நோக்கி வர வேண்டும்.

இரண்டாம் நாள் பேட்டரி மூடிகளைச் சுற்றி ஈரம், பக்கத்தில் போனால் அழுகிய முட்டை நாற்றம். ஹெட்லைட் பல்பு இரண்டும் ஒரே இரவில் போயின. அதே பேட்டரி மறுநாள் காலையில் செல்ஃபைக்கூடச் சுற்றவில்லை. பகலில் கொதிக்கிறது, விடிந்தால் செத்துக் கிடக்கிறது. அவரிடம் போனேன். "பேட்டரி பழசு, மாத்திடுங்க." மாற்றினேன். ஒரு வாரத்தில் புதியதும் அதே கதி. திரும்பப் போனால், "டைனமோ காயில் எரிஞ்சிருக்கு" என்றார். எரிந்திருந்தது உண்மைதான். எரிய வைத்தது யார்?

வீட்டுக்கு வந்து ரெகுலேட்டரை நானே கழற்றினேன். பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு ஒயர், டைனமோ ஒயர் வரும் டி டெர்மினலையும் பேட்டரிக்குப் போகும் ஏ டெர்மினலையும் நேராக இணைத்திருந்தது. மேலே கறுப்பு டேப் மூன்று சுற்று. வண்டி பாடியில் எர்த் ஆக வேண்டிய இ டெர்மினல் ஒயரோ முனையில் இருக்கும் லக்கோடு அறுந்து, பச்சை பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெகுலேட்டருக்குள் இரண்டு வேலை நடக்கிறது. வோல்ட் கூடினால் டைனமோவின் ஃபீல்டை, அதாவது உள்ளே இருக்கும் காந்தச் சக்தியைக் குறைப்பது ஒன்று. இன்ஜின் நின்றதும் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமல் கட்-அவுட் என்ற தானியங்கி ஸ்விட்ச் பிரித்துவிடுவது இன்னொன்று. இரண்டுக்குமான காயில் வேலை செய்ய எர்த் வேண்டும். எர்த் இல்லையென்றால் கட்-அவுட் சேராது, புது ரெகுலேட்டர் போட்டாலும் சார்ஜ் ஏறாது. அதை மறைக்கத்தான் அந்தத் துண்டு ஒயர். கட்டுப்பாடே இல்லாமல் கரண்ட் ஏறியது. இன்ஜினை நிறுத்தியதும் பேட்டரி முழுக்க டைனமோவுக்குள் இறங்கி அதைச் சுட்டுப் பொசுக்கியது. முதலிலிருந்தே கோளாறு அந்த எர்த் ஒயராகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பழைய ரெகுலேட்டரை அவர் ஏன் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

போய்க் கேட்டேன். "டெஸ்டுக்குப் போட்டது, எடுக்க மறந்துட்டேன்" என்றார். டெஸ்டுக்குப் போடும் ஒயருக்கு யாராவது மூன்று சுற்று டேப் சுற்றுவார்களா? ஒரு பைசா திருப்பித் தரவில்லை.

ரெகுலேட்டர் மாற்றி வண்டியை எடுக்கும்போது அங்கேயே மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் இன்ஜினை வேகப்படுத்தினால் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வண்டியை எடுக்காதீர்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் சுரண்டிவிட்டு எர்த்தைத் தனி ஒயராகவே போடச் சொல்லுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், எல்லா ஸ்விட்சையும் அணைத்து இன்ஜினை நிறுத்திவிட்டு அம்மீட்டரைப் பாருங்கள். முள் நடுவில் நிற்காமல் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தால், வேறு எதையும் யோசிக்காமல் பேட்டரியின் எர்த் டெர்மினலை உடனே கழற்றிவிடுங்கள். ஆனால் பேட்டரி கொதித்த நாற்றம் இருந்தால் மட்டும், காற்றோட்டத்தில் வாயு கலையும்வரை காத்திருந்து கழற்றுங்கள். கொதித்த பேட்டரியிலிருந்து வரும் வாயு ஒரு சின்னப் பொறிக்கே வெடிக்கும்.