வாட்ஸ்அப் வெப் மக்கர் பண்ணினால்: ரிஃப்ரெஷா, மறு இணைப்பா?

கணினி பிரவுசரில் திறக்கும் வாட்ஸ்அப் வெப் சுற்றிக்கொண்டே நின்றால் பலரும் நேரே லாக்அவுட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை.

பக்கத்தை முழுதாக ரிஃப்ரெஷ் செய்வது முதல் வழி. விண்டோஸ் கணினியில் குரோம் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்து வைத்த பழைய கோப்புகளை விட்டுவிட்டுப் பக்கம் புதிதாக வரும், லாகின் அப்படியே இருக்கும். அதற்கும் மசியவில்லையா? பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் முதல் சந்தேகம் எப்போதும் விளம்பரத் தடுப்பான்மீதுதான். பிரவுசர் அமைப்பில் குக்கீகளையும் தளத் தரவையும் அழித்தால் மட்டும் லாகினும் சேர்ந்து போய்விடும், கவனம்.

இரண்டாவது, போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் அந்தக் கணினியை நீக்கிவிட்டு, கியூஆர் கோடை மறுபடி ஸ்கேன் செய்வது. போனுக்கு வரும் செய்தி கணினிக்கு மட்டும் வரவில்லை, ரிஃப்ரெஷும் உதவவில்லை என்றால் இதைச் செய்யலாம். பழைய அரட்டைகள் திரும்ப வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருந்தால் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். அப்போது எத்தனை ரிஃப்ரெஷ் செய்தும் பலனில்லை.

அலுவலக நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் வாட்ஸ்அப்பைத் தடுத்தால் இரண்டுமே வேலைக்காகாது.