2,711 பாளங்களா, வாசலில் ஒரு கல்லா?

நாஜிகள் கொன்ற யூதர்களை பெர்லின் இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகே 2005-இல் திறந்த நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள். எதிலும் பெயர் இல்லை. உள்ளே போகப் போகத் தரை இறங்குகிறது, பாளங்கள் தலைக்கு மேல் உயர்கின்றன, தெருச் சத்தம் அடங்குகிறது. கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரின் பாரம் தெரியும், ஆள் தெரியமாட்டார். பெயர்கள் இருப்பது நிலத்தடி அரங்கில். (பலர் பாளத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.)

மற்றது, கலைஞர் குந்தர் டெம்னிக் 1990-களில் தொடங்கிய 'இடறும் கற்கள்'. கொல்லப்பட்டவர் கடைசியாகத் தன் விருப்பத்தோடு குடியிருந்த வீட்டின் முன், நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடு பொருத்திய ஒரு கல். "இங்கே வாழ்ந்தவர்" என்று பெரும்பாலும் தொடங்கும். பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். படிக்கக் குனிந்தாக வேண்டும். நாஜிகள் கொன்ற ரோமா, சின்டி என்ற ஐரோப்பியச் சிறுபான்மை மக்களுக்கும் உண்டு. 2023-இல் ஐரோப்பாவெங்கும் ஒரு லட்சத்தை எட்டின.

பெயரை மிதிப்பதா என்ற எதிர்ப்பும் எழுந்தது. மியூனிக் நகராட்சி பொது நடைபாதையில் இவற்றை அனுமதிக்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் என் ஓட்டு கல்லுக்குத்தான்: பாளங்கள் பலியானவர்களைக் கூட்டமாகக் காட்டுகின்றன, கல்லோ அண்டை வீட்டுக்காரராகக் காட்டுகிறது. 1938-இல் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் ஆலயங்களையும் சூறையாடிய இரவின் நினைவாக, நவம்பர் 9 அன்று அக்கம்பக்கத்தார் மண்டியிட்டு, கறுத்த பித்தளையைத் தேய்த்துத் துலக்குகிறார்கள்.