உள்ளூர் இசை இதழுக்கு ஸ்கிரைபஸ் போதுமா?

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக்கென்று ஓர் இசை இதழ் தொடங்க நினைப்பவர்கள் பலர் பக்க வடிவமைப்பில்தான் முதலில் தடுக்கி நிற்கிறார்கள். இன்டிசைனுக்குச் சந்தா கட்ட வேண்டும். கேன்வா கச்சேரி போஸ்டருக்குச் சரி. நான்கு பக்கம் ஓடும் கட்டுரைக்கு ஆகாது. மிச்சமிருப்பது ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 16 பக்கக் காலாண்டிதழுக்கு இது தாராளமாகப் போதும். இரண்டு இடங்களில் மட்டும் சுற்றுவழி தேவைப்படும்.

1.6 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பையே நிறுவுங்கள். பழைய கணினிகளில் கிடக்கும் 1.4 தமிழுக்கு உதவாது. அதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும்.

மென்பொருளைத் திறக்குமுன் இதழில் என்னென்ன பகுதிகள் வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். ஸ்கிரைபஸின் பலமே மாஸ்டர் பக்கங்களும் (திரும்பப் பயன்படுத்தும் அச்சுப் பக்கங்கள்) ஸ்டைல்களும் (சேமித்துவைத்த எழுத்து அமைப்புகள்) தான். ஒவ்வோர் இதழிலும் திரும்ப வரும் பகுதிக்கு ஒரு மாஸ்டர் பக்கம் கட்டிவிட்டால் அடுத்த இதழுக்குப் பாதி வேலை முடிந்தது. பகுதிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

நம் பக்கத்தில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. காலாண்டிதழ் என்றால் ஆண்டின் நான்கு இதழ்களுக்கும் தூண்கள் தயாராக இருக்கின்றன: தை முதல் பங்குனி வரை வடலூர் தைப்பூசம், சிதம்பரம் நாட்டியாஞ்சலி, மாசிமகம், அடுத்ததற்குப் புதுச்சேரித் தெருக்களில் ஜூன் 21ஐ ஒட்டி நடக்கும் இசை விழா, ஆடிக்குத் திரௌபதி அம்மன் கோயில் கூத்து, மார்கழிக்கு ஆருத்ரா தரிசனம். இவற்றுக்கான நிகழ்ச்சி நிரல் பக்கத்தை ஸ்கிரைபஸின் அட்டவணைக் கருவியில் போடாதீர்கள். அது இன்னும் பக்குவப்படவில்லை. கட்டங்களைத் திருத்தத் திருத்த எரிச்சல்தான் மிஞ்சும். பத்தி ஸ்டைலில் டேப் நிறுத்தங்களை (டேப் விசையை அழுத்தினால் எழுத்து போய் நிற்கும் இடங்கள்) வைத்து தேதி, இடம், கலைஞர் என்று மூன்று நெடுவரிசைகளாக ஓடவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு கச்சேரி ரத்தானால் ஒரு வரியை நீக்கினால் போதும்.

தொடர் பகுதியாக நாங்கள் வலுவாகச் சொல்வது ‘பாடல் பெற்ற ஊரும் பண்ணும்’. அப்பர் முதல் பதிகம் பாடிய திருவதிகை பண்ருட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் விடப்பட்ட அவர் கரையேறிய இடமாகச் சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூர் கடலூருக்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஊர், ஒரு பண், ஓர் ஓதுவாரின் பேச்சு என்று இரண்டு பக்கம் போதும்.

இந்தப் பகுதியில்தான் முதல் சிக்கல் வரும். ஸ்வரக் குறிப்பு அச்சிட வேண்டுமானால் மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலும், கீழ் ஸ்தாயியான மந்தரத்துக்கு எழுத்தின் கீழும் புள்ளி வேண்டும். யூனிகோடில் இணைப்புப் புள்ளிகள் உண்டு. ஆனால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அவற்றுக்கு இடம் குறிக்கப்படவில்லை. ‘ஸ’ மேல் ஓரளவு உட்காரும். ‘ரி’, ‘நி’ மேல் வைத்தால் சுழியோடு மோதும், அல்லது அடுத்த எழுத்துக்கு நகர்ந்துவிடும். காலம் காட்டும் மேல்கோடும் அப்படித்தான். எனவே ஸ்வர வரிகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தனியாக வரைந்து, எழுத்துகளைப் பாதைகளாக (கோட்டுருவங்களாக) மாற்றி, எஸ்விஜி கோப்பாக உள்ளே கொண்டுவாருங்கள். ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஒரு கோப்பு என்று வைத்தால் திருத்துவது எளிது. நேரம் பிடிக்கும் வேலை; ஆனால் புள்ளி மாறினால் ஸ்தாயியே மாறிவிடும்.

இரண்டாவது சிக்கல் உரை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரைகள் இன்றும் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றியதும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் வந்திருக்கும். ஓர் எழுத்துருவில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்துருவை மாற்றினால் ‘அவர்’ என்ற சொல்லில் புள்ளிவட்டம் முளைக்கும். துணைக்கால் + புள்ளி என்ற சேர்க்கையைத் தேடி ‘ர்’ என மாற்றினால் ஒரே அடியில் தீரும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நம்பகமானது. எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய வேரியபிள் கோப்பு வேண்டாம். சாதாரணம், தடித்தது என்று தனித்தனிக் கோப்புகளை நிறுவுங்கள்.

ஏ4 அளவில் உள்விளிம்பு 18, வெளிவிளிம்பு 15 மி.மீ. விட்டால் 177 மி.மீ. கிடைக்கும். இரண்டு பத்தியாகப் பிரித்தால், நடுவே 5 மி.மீ. போக, ஒவ்வொன்றும் 86. மூன்றாகப் பிரித்தால் 56கூட வராது. ‘நாகஸ்வரக்கலைஞர்களுக்கு’ போன்ற ஒரு சொல் பாதி வரியைத் தின்றுவிடும், இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் சீர், 10 பாயின்ட் எழுத்து, 15 பாயின்ட் வரியிடைவெளி. இதுவே கண்ணுக்கு இதம். ஒரு கட்டுரைக்கு ஒரு சங்கிலியாகப் பிரேம்களை (உரைப் பெட்டிகளை) இணையுங்கள். இதழ் முழுவதையும் ஒரே சங்கிலியில் கோத்தால் ஸ்கிரைபஸ் மெதுவாகிவிடும்.

தெருக்கூத்துப் படங்கள் இரவில் எடுக்கப்படுபவை. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும். திரையில் தெரியும் கட்டியக்காரனின் முகம் தாளில் கரியாகிவிடும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிழல் பகுதியை வெளுப்பாக்கிய பிறகே படத்தை வையுங்கள். அதே பக்கத்தில், கூத்தில் ஊதும் முகவீணையின் ஒலிப்பதிவுக்கு ஒரு க்யூஆர் குறி கட்டாயம் வேண்டும். சத்தம் இல்லாமல் கூத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் குறைதான். தனி க்யூஆர் மென்பொருள் தேவையில்லை, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச நிரல் மட்டும் கணினியில் இருக்க வேண்டும். செருகு மெனுவில் பார்கோடு பகுதியிலேயே அது இருக்கிறது. குறைந்தது 20 மி.மீ. அகலம், முழுக் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை இடம். படத்தின் மேல் வைத்தால் போன் படிக்காது.

அச்சகத்தில் ஸ்கிரைபஸின் .எஸ்எல்ஏ கோப்பைத் திறக்க மாட்டார்கள். அவர்களிடம் கோரல்டிராவோ இன்டிசைனோதான் இருக்கும். பிடிஎஃப்பாகவே கொடுங்கள். 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் ஓரம்), வெட்டுக்குறி, உரைக்கு நான்கு வண்ணக் கலவை இல்லாத தனிக் கறுப்பு. ஏற்றுமதிக்கு முன் ப்ரீஃப்ளைட் சோதனையில் படத் தெளிவின் கீழ்வரம்பை 250 டிபிஐக்கு ஏற்றி, விடுபட்ட எழுத்து, பிரேமில் அடங்காத உரை இரண்டையும் பாருங்கள். அச்சகக் கருவியில் தமிழ் உடைந்தால் எழுத்துருக்களை அவுட்லைனாக்கி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16 பக்கம் என்றால் மடித்து நடுவில் பின் அடிக்க நான்கு ஏ3 தாள்கள். பக்கங்களை அச்சு வரிசைக்கு மாற்றி அடுக்கும் வசதி ஸ்கிரைபஸில் இல்லை; அதை அச்சகமே செய்துகொள்ளும், நீங்கள் ஒற்றைப் பக்கங்களாகவே கொடுங்கள்.

அச்சுக்கான பிளேட் போடுமுன் ஸ்வரப் பக்கத்தையும் கூத்துப் படப் பக்கத்தையும் மட்டும் அதே தாளில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்வரப் பக்கத்தை ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் கொடுத்துப் பாடிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒப்புதல் கையெழுத்திடுங்கள்.