கோரலைனா, கோகோவா? ஆறு வயசுப் பையனுக்கு எது போடலாம்

போன ஐப்பசி மழையில ஸ்கூல் மூணு நாள் லீவு, திருவாரூர் பக்கம் எங்க தெருவுல முழங்காலுக்குத் தண்ணி, பசங்க ரெண்டும் வீட்டையே ரெண்டாக்கிட்டு இருந்துச்சுங்க. பொம்மைப் படம்தானேன்னு 'கோரலைன்' போட்டு உக்கார வச்சேன். பொண்ணுக்கு பத்து வயசு, பையனுக்கு ஆறு. பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு 'கோகோ' போட்டேன். பட்டவன் சொல்றேன், சின்னப் பிள்ளைக்கு கோகோதான்.

ரெண்டும் ஒன்னே முக்கா மணி நேரத்துல முடிஞ்சிரும். ரெண்டுக்குமே அமெரிக்காவுல, பெத்தவங்க யோசிச்சு காட்டணும்ங்கற பிஜி ரேட்டிங்தான், அதனால ரேட்டிங்க மட்டும் நம்பினா என் கதிதான். வேலைப்பாடுன்னு பாத்தா 2009ல ஹென்றி செலிக் எடுத்த கோரலைனுக்குதான் என் ஓட்டு, பொம்மைய இம்மி இம்மியா நகத்தி எடுத்த படம், அதுபோட்ட ஸ்வெட்டரக்கூட கையாலயே பின்னிருக்காங்க.

ஆனா நான் இப்ப பாக்குறது ஒன்னே ஒன்னு, படம் முடிஞ்சப்பறம் அந்த பயம் வீட்டுல எங்க போய் உக்காருதுங்கறது.

கோரலைன்ல அது அம்மா மேல போய் உக்காருது. சின்னக் கதவு, அதுக்கு அந்தாண்ட இதே மாதிரி வீடு, இதே மாதிரி அம்மா, கண்ணு இருக்க எடத்துல மட்டும் கருப்பு பட்டன். நல்லா சமைச்சுப் போட்டு கொஞ்சிட்டு, ஒரு டப்பாவுல பட்டனும் ஊசியும் நூலும் வச்சு நீட்டி, இங்கயே இருக்கணும்னா உன் கண்ணுலயும் தைக்கணும்ங்கறா. பையனுக்கு இங்கிலீஷ் ஓடாது, கதை எங்க ஏறுச்சு, ஊசியும் பட்டனும் அம்மாவும் மட்டும்தான் ஏறிருக்கு.

திங்கக்கிழமை யூனிஃபார்ம் சட்டையில பட்டன் அந்துபோச்சு. எங்கம்மாவோட பழைய பிஸ்கட் டின்ன எடுத்து வச்சுட்டு என் வீட்டுக்காரி ஜன்னல் வெளிச்சத்துல ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கா, இவன் கதவோரம் நின்னு பாத்தவன் அப்பாயி பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான். மொதல்ல சிரிச்சோம். ராத்திரி கரண்ட் போனப்ப அம்மா பக்கத்துல படுக்க மாட்டேன்னான் பாருங்க, அப்ப அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. ரெண்டு வாரம் ஸ்கூலுக்கு மேல் பட்டன் இல்லாமலே போனான்.

கோகோவுல எலும்புக்கூடுங்க கூட்டம் கூட்டமா வருது. தல தனியா கழண்டு விழுது, இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். 2017ல வந்த பிக்ஸார் படம், மெக்ஸிகோவுல செத்தவங்க போட்டோவ வச்சு பூ போட்டு பிடிச்சத படைக்கிற நாள்தான் கதை. நமக்கு என்ன புதுசா, அமாவாசைக்கு எல போட்டு காக்காவுக்கு சோறு வச்சுட்டு சாப்புடுற ஊரு. படத்துல செத்தவங்க உலகத்துலேர்ந்து இங்க வர்ற பாலம் முழுக்க கொட்டிக் கெடக்குறது நம்ம செண்டுப்பூதான், பூவே அந்த ஊருலேர்ந்து வந்ததுதானே. இவன் அதப் பாத்ததும் மேல மாட்டிருக்க தாத்தா போட்டோவத்தான் திரும்பிப் பாத்தான்.

கோகோவுலயும் வெஷம் வச்சுக் கொல்றது இருக்கு, செத்தவங்கள இங்க எல்லாரும் மறந்துட்டா அந்த உலகத்துலயும் காணாம போயிடுவாங்கன்னு ஒரு எடம் இருக்கு. நாம மறந்துட்டா தாத்தாவும் போயிடுவாரான்னு கேட்டான். "அதுக்குத்தான்டா மாசாமாசம் எல போடுறோம்"னு அப்பாயி ஒரே வரியில முடிச்சுட்டாங்க. கடைசியில அழுதான், ஆனா அம்மா மடியில படுத்துக்கிட்டுதான் அழுதான்.

பத்து வயசுக்காரிக்கு கோரலைன் அவ்வளவு பிடிச்சுப்போச்சு, ஒத்தப் பொண்ணா போய் புத்தியால அப்பாம்மாவ மீட்டுட்டு வர்றாளாம். ஏழு எட்டு வயசுன்னா அந்தந்தப் பிள்ளையப் பாத்துதான், என் வீட்ட வச்சு அத அடிச்சு சொல்ல முடியாது. தனியா ஒரு தடவ நீங்க பாத்துட்டு போடுங்க.

இப்பவும் அவ திரும்பப் போடச் சொல்றா. தம்பி அப்பாயியோட கோயிலுக்குப் போற வெள்ளிக்கிழமையா பாத்து போடுறோம். பட்டன் டின் இன்னும் பரண்மேலதான் இருக்கு, "ஒரு படத்துக்காக என் டின்ன மேல ஏத்திப்புட்டியேடா"ன்னு எங்கம்மா தெனம் ஒரு தடவ கேக்குறாங்க.