சுக்காவ் இரவுப் படகு: மூன்றரை நட்சத்திரம்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து சபா மாநிலத்துச் சுக்காவ் வரை போனதே தட்டைத்தலைப் பூனை என்ற காட்டுப் பூனைக்காகத்தான். கினபாத்தாங்கான் ஆற்றில் முதல் இரவு மழையும் கொசுவும் மட்டுமே. மறுநாள் கரைச் சேற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தது! இரண்டு கிலோ தேறினால் அதிகம். எங்கள் வீட்டுப் பூனையே இதைவிடப் பெரிசு. குட்டை வால், மீன்தான் சாப்பாடு. விரலிடைச் சவ்வு இருப்பது படகோட்டி சொல்லித்தான் தெரியும்.

அரை நட்சத்திரம் குறைத்தது டார்ச்சுக்காக. வெள்ளை வெளிச்சத்தை முகத்திலேயே அடித்தார்கள். 2008இலேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அழியும் நிலையில் சேர்த்த உயிரினம், சிவப்புத் தாள் ஒட்டினால் என்ன? இன்னொரு நட்சத்திரம் ஆறிப்போன சோற்றுக்கு.

பகலில் பார்த்தால் ஆற்றோரக் காடு சில இடங்களில் வெறும் பட்டைதான், பின்னால் பாமாயில் எடுக்கும் செம்பனை. தாத்தா செம்பனை வெட்டியவர், எனக்குப் பேச வாய் வரவில்லை.