நிலவறைக் கிளப்பில் சக் பெரி: 'லைவ் ஃப்ரொம் புளூபெரி ஹில்' இறுவட்டு

சக் பெரியின் 'லைவ் ஃப்ரொம் புளூபெரி ஹில்' இறுவட்டு, சிக்காகோவில் இருக்கும் என் மச்சான் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்து மூன்று மாதங்களாகின்றன. இந்த மூன்று மாதங்களில் அதை இருபது தடவைகளுக்குக் குறையாமல் கேட்டிருப்பேன். றொக் அன்ட் றோல் இசைக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஒருவர், தம் 79ஆவது வயதை ஒட்டிய காலத்தில், பிறந்த ஊரின் ஒரு சிறிய கிளப்பில் வாசித்த பத்துப் பாடல்கள் இதில் உள்ளன. 2005 யூலைக்கும் 2006 சனவரிக்கும் இடையில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 டிசம்பரில் டுவல்ரோன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன.

புளூபெரி ஹில் என்பது ஜோ எட்வர்ட்ஸ் என்பவர் 1972இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரை ஒட்டிய டெல்மார் லூப் பகுதியில் தொடங்கிய உணவகம். அதன் நிலவறையிலுள்ள இசைக்கூடத்துக்கு 'டக் றூம்' என்று பெயர். கிற்றாரை ஏந்தியபடி முழங்காலை மடித்துத் தாழ்ந்து, வாத்தைப்போலத் தத்தித் தத்தி மேடையைக் கடக்கும் சக் பெரியின் நடையை நினைவூட்டி வைத்த பெயர் அது. அங்கே 340 பேருக்குத்தான் இடமுண்டு. உலகின் பெரிய அரங்குகளையெல்லாம் கண்டுவிட்ட அவர், தாம் தொடக்க காலத்தில் வாசித்தவற்றைப் போன்ற சிறிய இடத்தில் மறுபடியும் வாசிக்க விரும்புவதாக எட்வர்ட்ஸிடம் சொன்னாராம். அப்படித் தொடங்கியதுதான் 1996 முதல் 2014 வரை மாதத்துக்கு ஒரு புதன்கிழமை என்ற கணக்கில் நடந்த 209 நிகழ்ச்சிகள். 1952ஆம் ஆண்டின் கடைசி இரவில், கிழக்கு செயின்ற் லூயிஸின் கொஸ்மோபொலிற்றன் கிளப்பில், சுகவீனமுற்ற ஒருவருக்குப் பதிலாள் தேடிய பியானோக் கலைஞர் ஜோனி ஜோன்சன் அழைத்ததால் மேடையேறிய இளைஞர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடியும் ஒரு சிறிய கூட்டத்தின் முன் வந்து நின்றார்.

அந்த 1996ஆம் ஆண்டு எனக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாதது. கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு நாங்கள் இடம்பெயர்ந்தபோது, மாமாவின் துணிப்பையில் எட்டோ ஒன்பதோ கசெற்றுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று சக் பெரியின் பழைய பாடல்கள். மின்சாரம் இல்லை, பற்றரியோ வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின்சில்லோடு சாய்த்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றியே றேடியோவை இயக்கினோம். சுற்றுபவனின் கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்து, கிற்றார் இழுபட்டுக் குழறும். "தம்பி, விடாமல் சுற்றடா, இப்பதான் கிற்றார் வருது" என்று மாமா அவசரப்படுத்துவார். அந்தக் கசெற்றில் நான் கேட்டது ஒலிப்பதிவுக்கூடத்தில் செதுக்கியெடுத்த சக் பெரியை. முன்னால் ஆட்கள் நிற்க வாசிக்கும் சக் பெரியை இந்த இறுவட்டில்தான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். குரலில் கரகரப்பு ஏறியிருக்கிறது. சில இடங்களில் விரல்கள் எண்ணிய இடத்துக்குப் பிந்திப் போகின்றன. சுருதியும் ஓரிரு தடவை விலகுகிறது. ஐம்பதுகளின் கூர்மையை எதிர்பார்த்து வாங்குபவர் முதற் பாடலிலேயே முகம் சுளிக்கக் கூடும். ஆனால், தாளத்தை அவர் கைவிடவேயில்லை. பாடல் வரியைச் சற்று முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிட்டு, மறு அடியில் சரியான இடத்தில் வந்து இறங்கும் அந்தப் பழைய சூட்சுமம் அப்படியே இருக்கிறது. அவர் வரியைத் தொடங்கிவிட்டு விடும் இடங்களில், கூட்டம் அதைக் கேளாமலே எடுத்துக்கொள்கிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. வயதான அண்ணாவியார் முதலடியை எடுத்துக் கொடுத்தால் போதும், பிற்பாட்டுக்காரர் மட்டுமல்ல, பாயில் இருக்கும் சனமும் சேர்ந்து பாடும்; அண்ணாவியாரின் குரல் கம்மியதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. இந்த இறுவட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடங்கள்தான்.

சக் பெரி நெடுங்காலம் தனியொருவராகக் கிற்றாரோடு போய், அந்தந்த ஊரில் கிடைத்த வாத்தியக்காரர்களுடன் ஒத்திகையின்றி வாசித்தவர். இங்கே நிலை வேறு. மகன் சார்ள்ஸ் கிற்றாருடனும், மகள் இங்கிரிட் ஹார்மோனிக்காவுடனும் பக்கத்தில் நிற்கிறார்கள். பேஸ் கிற்றாரில் ஜிம்மி மார்சாலா, ட்ரம்ஸில் கீத் றொபின்சன். பியானோவில் இருப்பவர் றொபேர்ட் லோர். ஜோனி ஜோன்சன் 2005 ஏப்பிரலில் காலமானார். இந்த ஒலிப்பதிவுகள் தொடங்கியது அதற்கு மூன்று மாதங்களின் பின். அதை அறிந்த பிறகு, கிற்றார் ஓய்ந்து பியானோ மேலெழும் இடங்களை வேறு செவியோடு கேட்கிறேன். வேகம் தணிந்த அந்த ஒரேயொரு புளூஸ் பாடலை இரவில், ஹெட்போன் போட்டுக் கேட்பதே உத்தமம்.

குறை என்று ஒன்று உண்டு. பல இரவுகளிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்கள் என்பதால், ஒரு முழு இரவு எப்படி ஏறி இறங்கியது என்பது தெரிய வருவதில்லை. பாடல்களுக்கிடையே அவர் கூட்டத்தோடு பேசியதை இன்னும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கலாம்.

அந்தக் குறையை எனக்கு நிரப்பியவர் மச்சான். 2009இல் ஒரு புதன்கிழமை, வேலையிலிருந்து அரைநாள் விடுப்பெடுத்து, சிக்காகோவிலிருந்து ஐந்து மணித்தியாலம் கார் ஓட்டிப்போய் டக் றூமில் நின்றவர் அவர். கப்பல் தலைவர் தொப்பியும் மினுங்கும் சேட்டும் அணிந்த கிழவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாராம். கிற்றாரின் கழுத்து அவருடைய நீண்ட விரல்களுக்குள் சிறு தடிபோலத் தெரிந்ததாம். பக்கத்தில் நின்றவர் தம் பன்னிரண்டு வயது மகனைத் தோளில் தூக்கி வைத்திருந்ததையும், முடிவில் சக் பெரி பெண்களை மேடைக்கு அழைத்து ஆடவிட்டதையும் தொலைபேசியில் சொல்லும்போது மச்சானின் குரல் இப்போதும் உயர்கிறது.

சக் பெரியை இதற்குமுன் கேட்டிராதவர்கள், 1955 முதல் செஸ் நிறுவனத்துக்காக அவர் பதிந்தவற்றை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வரலாம். ஏற்கெனவே கேட்டவர்கள் தயங்காமல் வாங்கலாம். போன கிழமை மல்லாவிக்கு இதைக் கொண்டுபோய் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிப் பாடலின் கிற்றார் தொடங்கியதும், கதிரையின் கைப்பிடியில் கிடந்த அவருடைய வலக்கை, பெடலைச் சுற்றுவதுபோல மெல்லச் சுழலத் தொடங்கியது.